இருநூற்றுப் பதின்மூன்று டன்னுக்கு ஈடு

எங்கள் அண்ணிக்குத் தன்னடக்கம் மருந்துக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னிடம் சண்டை பிடிக்கக்கூடாது. “நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று வீட்டிலும் வேலையிடத்திலும் வாய்க்கு வாய் சொல்லுவார். எனக்கு எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அது சரியாகவே இருந்து தொலைக்கும்.

ஒரு தடவை மாடிக்கு ஏறும் தண்ணீர்க் குழாயில் எங்கோ அடைப்பு. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழேயிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பசி வேறு. துணி காயப்போட வந்த அண்ணி கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

“கொழுந்தனாரே, இந்த வேகத்துல போனா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிருவீங்க. நடுவுல இருக்கிறதக் கழட்டுங்க.”

நடு மூட்டைக் கழற்றினேன். தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது.

“ஆச்சா? இதுவரைக்கும் தண்ணி வந்திருக்கு. கீழ்ப் பாதிய மறந்துடுங்க. மேல இருக்கிற பாதியில மறுபடி நடுவுல ஒண்ணு.”

இன்னும் இரண்டு மூட்டுக் கழற்றுவதற்குள் அடைப்பு அகப்பட்டுவிட்டது. அதோடு விட்டாரா? அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் நான் தொப்பலாக நனைந்து முழித்ததையும் சேர்த்து இந்தக் கதையைச் சொன்னார். எதைத் தேடினாலும் பாதி, பாதியில் பாதி என்றுதான் தேடுவார். வேலையிடத்தில் அவருக்குப் ‘பாதியக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதிலும் அவருக்குப் பெருமைதான்.

வேலையிடம் என்றால் சரக்கு யார்டு. ஆறு போய்க் கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றின் இக்கரையில் இருக்கிறது. ஆறு அங்கே அவ்வளவு அகலம். தண்டவாளம் இக்கரையில் தண்ணீர் ஓரத்தில் வந்து முடிந்துவிடும். அக்கரையில்தான் மறுபடி தொடங்கும். நடுவில் போய்வருவது ஒரு பழைய படகு. துடுப்புப் போடுகிற படகு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய தட்டையான இரும்புத் தளம். அதன் மேல் இடது பக்கம் ஒரு தண்டவாளம், வலது பக்கம் ஒரு தண்டவாளம். சரக்கு வேகன்களை அப்படியே உருட்டி ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் உருட்டி இறக்கிவிடும். அந்த வேகன்களை இழுக்கவும் தள்ளவும் யார்டில் ஒரு சின்ன என்ஜின் உண்டு. அதன் டிரைவர் நான். என் அண்ணன் படகின் தளத்தில் நின்று எனக்குக் கொடி காட்டுகிறவன். வேகன்கள் ஏறியதும் சங்கிலி போட்டு இறுக்குகிறவனும் அவன்தான். அண்ணி எடை மேடை அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வேகனையும் நிறுத்துச் சீட்டுக் கொடுப்பவர். “ஒரு குடும்பமே சேந்து என் படகக் குத்தகைக்கு எடுத்துட்டீங்க” என்று கேப்டன் கேலி செய்வார்.

அந்தப் படகுக்கு ஒரே ஒரு குணம். இரண்டு பக்கத்து எடையும் ஒத்துப்போனால் சமர்த்தாக நிற்கும். ஒத்துப்போகாவிட்டால் கனத்த பக்கம் சாயும். உள்ளே தொட்டித் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சமன் செய்ய ஒரு பம்ப் இருக்கிறது. கிழட்டுப் பம்ப், மூன்று டன் வித்தியாசம் வரைக்கும்தான் அதற்குத் தெம்பு.

போன வருடம் ஒரு நாள் கண் மதிப்பில் வேகன்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். யார் என்று கேட்காதீர்கள், இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கும். நடு ஆற்றில் அலை தூக்கியபோது படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஒரு வேகன் நகர்ந்தது. சங்கிலி அறுந்து, அறுந்த முனை வந்து அண்ணனின் வலது தொடையில் அடித்தது. எலும்பு மூன்று துண்டாகப் போயிற்று.

எலும்பு சேர்ந்துவிட்டது. ‘நடக்கலாம், வேலைக்கும் போகலாம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன்தான் எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் அவன் வீட்டுக்குள் வந்தால் தெருவுக்கே தெரியும். செருப்பைக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் போய்த் திட்டு வாங்குவான், திட்டத் திட்டச் சிரிப்பான். அப்படிப்பட்டவன் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தான். சோற்றில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்வதில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அண்ணி தவித்துப்போனார். அவருடைய குரல் வீட்டில் இறங்கியதை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

விபத்துக்குப் பிறகு கேப்டன் ஒரு சட்டம் போட்டார்: மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் படகு கிளம்பாது, யார் வந்து சொன்னாலும் சரி. உடனே அண்ணி அவரிடம் போய், எந்த வேகன்களை ஏற்றுவது என்பதை இனிமேல் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். “உன்னால முடியுமாம்மா?” என்று கேட்டார் கேப்டன். அண்ணி என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அது லேசான வேலை இல்லை. வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும். நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவ வேண்டுமென்றால் நான் அரை நாள் என்ஜினை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அதற்குள் கடலிலிருந்து ஏறி வந்த நீர் வடிந்துவிடும். நீர் ஏறி நிற்கும் நேரத்தில் மட்டும்தான் படகின் தளமும் கரையின் தண்டவாளமும் ஒரே மட்டத்துக்கு வரும். அதனால் வரிசையை இரண்டு இடத்தில் கழற்றி, இடையில் இருப்பதை ஒரே துண்டாகத்தான் எடுத்துப்போக முடியும். எந்தத் துண்டின் எடை மறு பக்கத்து எடைக்கு மிகக் கிட்டத்தில் வரும்? அதுதான் கேள்வி.

மற்றவர்கள் ஒவ்வொரு வேகனின் எடையை அந்தந்த வேகனின் மேல் எழுதுவார்கள். அண்ணி அப்படிச் செய்யவில்லை. இரண்டு வேகன்களைக் கோக்கும் கொக்கி இருக்கிறதே, யார்டில் கப்ளிங் என்போம், அதன் பக்கத்தில் அதுவரைக்கும் வந்த மொத்த எடையைச் சாக்பீஸால் எழுதினார். முதல் வேகன் நாற்பத்தெட்டு டன் என்றால் அதன் கடைசியில் 48. அடுத்த வேகன் முப்பத்தொன்று என்றால் அங்கே 79. எந்த இரண்டு கப்ளிங்கில் கழற்றினாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் இடையில் இருக்கும் துண்டின் எடை வந்துவிடும். அதோடு, போகப் போக எண் ஏறிக்கொண்டுதான் போகும், இறங்கவே இறங்காது. அதனால் வேண்டிய எண்ணைத் தேட எல்லாக் கப்ளிங்கிலும் நிற்க வேண்டாம். பாதியில் போய்ப் பார்த்து, கூடவா குறைவா என்று தெரிந்துகொண்டு மறு பாதியை விட்டுவிடலாம்.

“இத உக்காந்த இடத்துல பேப்பர்ல போட்டா ஆகாதா, அண்ணி?” என்று நான் கேட்டேன். வெயில் எனக்கும்தானே அடிக்கிறது?

“கழட்டப் போறவன் கண்ணு முன்னாடி பேப்பர் இருக்குமா, கப்ளிங் இருக்குமா?”

நான் அடுத்த கப்ளிங்குக்கு நடந்தேன்.

இப்படி ஒரு தவறும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த டிரான்ஸ்பார்மர் வந்தது. அக்கரையில் ஒரு மின் நிலையத்துக்குப் போக வேண்டியது. நீளமான தனி வேகன், அதன் மேல் வீடு அளவுக்கு இரும்பு. எல்லாம் சேர்ந்து இருநூற்றுப் பதின்மூன்று டன். வலது தண்டவாளத்துக்கு அது ஒன்றே போதும். அவ்வளவு கனத்தை ஏற்ற நீர் நன்றாக ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறுகிற நாள் அன்றைக்கு. விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான்.

அண்ணி அண்ணனிடம் என்ன பேசினாரோ, எப்படிப் பேசினாரோ, எனக்குத் தெரியாது. அன்று காலையில் நான் சமையலறைக்குப் போனபோது அண்ணன் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். பித்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தான்.

“இன்னைக்கு ஒரு நாள் வர்றேன்” என்றான், எங்கள் இருவரையும் பார்க்காமல். “தளம் என் காலுக்குக் கீழ சரியா நிக்கலேன்னா இறங்கிடுவேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது. ரெண்டு பேரும்தான்.”

“நிக்கும்” என்றார் அண்ணி.

“எப்படிச் சொல்ற?”

“நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அண்ணனின் உதடு ஒருபக்கமாகக் கொஞ்சம் கோணியது. பல மாதங்களுக்குப் பிறகு அதை நான் சிரிப்பு என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன். அண்ணி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி, ஒன்றுமே இல்லாத பாத்திரத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டு நின்றார். இவன் இன்றைக்குத் தளத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று நானும் நினைத்தேன்.

யார்டில் அன்றைக்குப் பன்னிரண்டு வேகன்கள் நின்றன. சின்ன வரிசைதான். என் என்ஜினை முதல் வேகனின் முகப்பில் கோத்து நிறுத்திவிட்டு இறங்கினேன். அண்ணி எடைச் சீட்டுகளைப் பார்த்துக் கூட்டிக் கூட்டி எழுதி முடித்திருந்தார். முதல் கப்ளிங்கில் 48. கடைசி வேகனின் வாலில் 520. ஓரத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையில் அண்ணன் உட்கார்ந்து நாங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க தம்பி. நாப்பத்தெட்டுல கழட்டுறதா வெச்சுக்குவோம். நமக்கு வேண்டியது இருநூத்திப் பதிமூணு. அப்போ எந்த எண்ணத் தேடணும்?”

“ரெண்டையும் கூட்டணும். இருநூத்தி அறுபத்தொண்ணு.”

“பரவாயில்லையே!”

மிச்சம் இருந்ததில் நடுவே போய் நின்றோம். 312.

“அதிகம். பின்னாடி இருக்கிறத மறந்துடுங்க.”

முன் பாதியின் நடுவே வந்தோம். 158. போதாது. அடுத்தது 212. “பத்தாது, மேல போங்க.” அதற்கு அடுத்தது 251. அதுவும் போதாது. ஆக, நாங்கள் தேடும் எண் 251க்கும் 312க்கும் நடுவே இருக்க வேண்டியது. அங்கே கப்ளிங் இல்லை, வேகன்தான் இருக்கிறது.

“அப்போ இருநூத்தி அம்பத்தொண்ணுதான்” என்றேன்.

“ரெண்டு பக்கமும் பாக்கணும். குறைச்சலா இருக்கிறத மட்டும் பாத்துட்டு வர்றவன் சோம்பேறி.” கழித்துப் பார்த்தார். “அந்தப் பக்கம் அம்பத்தோரு டன் அதிகம். இந்தப் பக்கம் பத்து டன் குறைச்சல். ரெண்டும் ஆகாது. அடுத்தது, எழுபத்தொன்பதுல கழட்டுவோம்.”

இப்படியே ஒவ்வொரு கப்ளிங்காக வைத்துக்கொண்டு பார்த்தோம். ஒன்றில் இருபது டன் அதிகம். ஒன்றில் பன்னிரண்டு அதிகம். இன்னொன்றில் மறுபடி பத்துக் குறைச்சல். எல்லாவற்றிலும் கிட்டத்தில் வந்தது கடைசி ஐந்து வேகன்கள்: ஐந்நூற்று இருபதில் முந்நூற்றுப் பன்னிரண்டு போனால் இருநூற்று எட்டு. ஐந்து டன் குறைவு. வேறு எதுவும் அதைவிடக் கிட்டத்தில் வரவில்லை.

கேப்டன் வந்தார். சொன்னோம்.

“அஞ்சா?” அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “முடியாதும்மா. எனக்கும் இன்னைக்குப் போகணும்னுதான் ஆசை. ஆனா அந்தப் பம்ப நம்பி அஞ்சு டன்னு நான் போக மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம்.”

அண்ணன் அதைக் கேட்டான். எழுந்து, சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினான்.

“அப்ப நான் வீட்டுக்குப் போறேன்.”

அதை அவன் சொன்ன விதம் இருக்கிறதே! தப்பித்தேன் என்ற நிம்மதி அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இன்றைக்குப் போனால் இவன் இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டான். இரண்டு வாரம் என்பது வெறும் பேச்சு.

“உக்காருங்க” என்றார் அண்ணி.

“அதான் இல்லேன்னு ஆயிருச்சே.”

“உக்காருங்கன்னு சொன்னேன்!”

அண்ணன் உட்கார்ந்தான். அண்ணி திரும்பவும் வரிசையின் ஓரமாக விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி. எங்கேயோ ஒண்ணு விட்டுப்போச்சு.”

“எல்லாத்தையும் பாத்தாச்சு அண்ணி. ஒரு கப்ளிங் பாக்கியில்ல.”

“கூட்டல்ல தப்பா?”

இருவரும் சேர்ந்து கூட்டினோம். கூட்டல் சரி. வாலிலிருந்து முகப்பு வரைக்கும் நடந்து என் என்ஜின் வரை வந்துவிட்டோம். அண்ணி என்ஜினின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“இந்த வரிசையில கழட்டுற இடம் மொத்தம் எத்தனை?”

“நீங்க எழுதினதுதான். பன்னெண்டு.”

“உங்க என்ஜினக் கழட்ட முடியாதா?”

எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “ஏன் முடியாது? ஆனா அதுல என்னத்த எழுதுவீங்க? அதுக்கு முன்னாடி வேகனே இல்ல. வேகனே இல்லாத இடத்துல எடை ஏது? பூஜ்யந்தான்!”

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையில் ‘மடேர்’ என்று அடித்துக்கொண்டார்.

“பூஜ்யம்! அட என் புத்தியில இடி விழ, பூஜ்யத்த எழுதவே இல்லையே!”

அடுத்த நிமிடம் ஐந்தாவது வேகனின் கடைசியில் நின்று, சாக்பீஸ் எழுத்தின் மேல் விரலைக் குத்திக்கொண்டிருந்தார். 212. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் தேட வேண்டிய எண் வெறும் இருநூற்றுப் பதின்மூன்று. முதல் ஐந்து வேகன்கள் சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணின் முன்னால் நாங்கள் நின்று ‘பத்தாது பத்தாது’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தோம். எப்போதும் இரண்டு எண்களை எடுத்துக் கழித்தே பழகிய கண்ணுக்கு, தனியாக நிற்கிற ஓர் எண்ணே விடையாக இருக்கும் என்று தோன்றவில்லை. முகப்பில் எழுத வேண்டிய இடத்தில் வேகன் இல்லை, என் என்ஜின் நின்றது. அதனால் அங்கே எழுதவும் தோன்றவில்லை. இந்த வேலையை இந்த முறையில் செய்கிற ஆளுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு.

“நீங்கதான் தம்பி மறைச்சுக்கிட்டு நின்னீங்க.”

“நானா? பூஜ்யம்னு சொன்னதே நான்தான்!”

“சொன்னீங்க. தெரிஞ்சா சொன்னீங்க?”

கேப்டன் வந்து, சாக்பீஸ் எண்ணைப் பார்த்து, எடைச் சீட்டுகளைத் தானே ஒரு தடவை கூட்டிவிட்டு, “ஒரு டன்னுதானே? ஏத்துங்க” என்றார்.

முதலில் டிரான்ஸ்பார்மரை ஏற்ற வேண்டும். படகின் பின்பக்கத்தைக் கரையின் ஏறுபாலத்தோடு பூட்டியிருப்பார்கள்; கவிழாது. ஆனால் இடது பக்கம் காலியாக இருக்கும்போது வலது பக்கம் அவ்வளவு கனம் ஏறினால் சாயத்தானே செய்யும்? அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தெரிவது வேறு, அதில் காலை ஊன்றி நிற்பது வேறு. நான் மெதுவாகத் தள்ளினேன். படகு முனகிக்கொண்டு வலது பக்கம் இறங்கியது. அண்ணன் கொடியைத் தாழ்த்தி, எப்படியோ சங்கிலியைப் போட்டு இறுக்கிவிட்டான். பிறகு தளத்தின் நடுவிலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

நான் திரும்பிப் போய், ஐந்தாவது கப்ளிங்கில் கழற்றி, முதல் ஐந்து வேகன்களை இழுத்துக்கொண்டு வந்து படகின் இடது தண்டவாளத்துக்கு நேராக நிறுத்தினேன். இப்போது என் என்ஜின் கடைசியில். ஐந்தாவது வேகன்தான் முதலில் படகுக்குள் போக வேண்டும். அண்ணன் கொடி காட்டாமல் நான் தள்ளக்கூடாது. ஹாரன் அடித்தேன். அவன் அசையவில்லை. சாய்ந்த தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

அண்ணி ஏறுபாலத்தின் ஓரத்தில் வந்து நின்றார்.

“என்னங்க! இங்க பாருங்க. தளத்தப் பாக்காதீங்க.”

“சாயுதுடி.”

“சாயட்டும். இப்ப சாயத்தான் செய்யும். ஒரே ஒரு வேகன் உள்ள வரட்டும். அதுக்கும் அடுத்த வேகனுக்கும் நடுவுல இருக்கிற கப்ளிங்கில ஒரு எண் எழுதியிருக்கேன். அத மட்டும் படிச்சுச் சொல்லுங்க, எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

பிறகு ஒரு கை கம்பியை விட்டது. கொடி பாதி உயரம் வந்தது. நான் கண்ணாடிப் பாத்திரத்தை நகர்த்துகிறவனைப் போல அவ்வளவு மெதுவாகத் தள்ளினேன். ஒரு வேகன் உள்ளே போனது.

“நூத்தி அம்பத்தெட்டு” என்றான் அண்ணன். குரல் எனக்குக் கேட்கவே இல்லை. அண்ணி திருப்பிச் சொன்னதைத்தான் கேட்டேன்.

“நூத்தி அம்பத்தெட்டு! இன்னும் அவ்வளவுதான் வரணும். அது வந்துட்டா தளம் நேரா நிக்கும். அடுத்தது?”

“நூத்தி முப்பத்தாறு.”

படகு முனகியது. இந்த முறை மேலே வருகிற முனகல். வலது பக்கத்தில் தண்ணீரில் முங்கியிருந்த கறுப்புக் கோடு வெளியே தெரிந்தது.

“எழுபத்தொன்பது!” இது எனக்கே கேட்டது. மறு கையும் கம்பியை விட்டிருந்தது. கொடி முழுசாக மேலே போனது.

“நாப்பத்தெட்டு! வா, வா, வாடா டேய், தூங்குறியா?”

மாதக்கணக்காக நான் கேட்காத அதட்டல். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அதற்கு அப்புறம் எதைப் பார்த்துத் தள்ளினேன் என்று சத்தியமாகத் தெரியாது. என் என்ஜினின் மூக்கு ஏறுபாலத்தில் வந்து நின்றபோது அண்ணன் கொடியை இறக்கினான். தளம் மட்டமாக நின்றது. அவன் வலது காலைத் தூக்கித் தளத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். இன்னொரு மிதி. கேப்டன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நிற்கிறது என்று கையைக் காட்டினார்.

என்ஜினைக் கழற்றிப் பின்னால் எடுத்தேன். அண்ணன் சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து முடித்தான். ஏற்றுகிற வேலை அதோடு முடிந்தது. அவன் இறங்கிவிடலாம், அவனுக்குப் பதிலாகப் போக இன்னோர் ஆளைக் கேப்டன் தயாராக வைத்திருந்தார். ஏறுபாலத்தைத் தூக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்தது. அண்ணி கைகள் இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் எங்கள் பக்கம் பார்த்தான்.

“ராத்திரிச் சாப்பாடு எடுத்து வெச்சிரு. லேட்டாகும்.”

“செருப்பக் கழட்டிட்டு வாங்க, தர்றேன்” என்றார் அண்ணி.

ஏறுபாலம் மேலே போனது. படகு ஆற்றுக்குள் நகர்ந்தது.

சரி, இனிமேல் ஒரு மாதத்துக்கு இந்தப் பெருமையைக் கேட்டுத் தொலைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அண்ணி தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். எடைச் சீட்டுகளை மடியில் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, உதட்டை அசைத்து, மறுபடி முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“தம்பி, நாப்பத்தெட்டும் முப்பத்தொண்ணும் எழுபத்தொன்பதுதானே?”

“எழுபத்தொன்பதுதான்.”

“அம்பத்தேழு சேத்தா?”

“நூத்தி முப்பத்தாறு. அதோட இருபத்திரெண்டு, நூத்தி அம்பத்தெட்டு. அம்பத்திநாலு, இருநூத்திப் பன்னெண்டு. அண்ணி, தளம் மட்டமா நின்னத நீங்களே பாத்தீங்களே?”

“பாத்தேன்.”

படகு நடு ஆற்றை நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் அது சாய்ந்த இடம் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. அண்ணி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னொரு தடவ கூட்டுங்க” என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் நாற்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தேன்.